சுவீடன் விவசாயிகள் அமெரிக்கப் புல்வெளியில் கட்டிய ஊர்கள்: லிண்ட்ஸ்போர்க் நிலைத்தது, பிஷப் ஹில் ஏன் உடைந்தது?

ஏட்டுச்சுவடி:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவுக்குப் போன ஐரிஷ் மக்கள், ஜெர்மானியர்கள் பற்றி இங்கே நிறையப் பேசியாகிவிட்டது. சுவீடன் நாட்டவர் பற்றித் தனி இழை இல்லை என்பது எனக்கு நெடுநாள் குறை. 1850 முதல் 1930 வரை 12 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கிருந்து கிளம்பியிருக்கிறார்கள். அவர்களில் பெரும் பகுதியினர் காடு திருத்தியும் புல்வெளியை உழுதும் ஊர் அமைத்தவர்கள். எந்த ஊரை எடுத்தாலும் நடுவில் ஓர் ஆலயம் இருக்கும்.

இரண்டு ஊர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒன்று கான்சாஸ் மாநிலத்து லிண்ட்ஸ்போர்க். 1868இல் சிகாகோவில் இருந்த சுவீடன்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு விவசாயக் கம்பெனி தொடங்கினார்கள். ஸ்மோக்கி ஹில் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ரயில்வே கம்பெனியிடமிருந்து சுமார் 13,160 ஏக்கர் வாங்கினார்கள். சுவீடனின் வார்ம்லாண்ட் பகுதியில் சுன்னெமோ என்ற ஊரில் போதகராக இருந்த ஓலோஃப் ஓல்சன் 1869 கோடையில் வந்து சேர்ந்தார். அவரோடு இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் சுவீடனிலிருந்து புறப்பட்டார்கள், அவர்களில் ஒரு பகுதியினர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தார்கள். ஆகஸ்ட் 19ஆம் தேதி பெத்தானியா சபை தொடங்கப்பட்டது. அப்போது பலர் மண்ணைத் தோண்டி அதற்குள்தான் குடியிருந்தார்கள். வீட்டுக்குப் பலகை இல்லாத காலத்திலேயே சபைக்கு அங்கத்தினர் பட்டியல் எழுதியாகிவிட்டது!

மற்றொன்று இல்லினாய் மாநிலத்து பிஷப் ஹில். 1846இல் எரிக் யான்சன் என்ற தீவிர போதகரின் பின்னால் வந்தவர்கள் கட்டியது. அங்கே நிலம், மாடு, அடுப்பு, சாப்பாட்டு மேசை எல்லாமே பொது. பதினைந்தே ஆண்டுகளில் அது கலைந்துபோனது. லிண்ட்ஸ்போர்க் இன்றும் உயிரோட்டமாக இருக்கிறது.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். லிண்ட்ஸ்போர்க்கில் சபை பொது, நிலம் அவரவருடையது. பிஷப் ஹில்லில் சபையும் நிலமும் ஒரே முடிச்சில் கட்டப்பட்டிருந்தன. அந்த முடிச்சுதான் ஊரை உடைத்தது என்று நினைக்கிறேன். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

சிகாகோ சேகர்:

நல்ல இழை, ஆனால் ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லை. பிஷப் ஹில் நான் அடிக்கடி போகும் ஊர். அதைத் தோற்றுப்போன ஊர் என்று எழுதினால் மனம் ஒப்பவில்லை.

1846ஐயும் 1869ஐயும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஓல்சன் வந்தபோது ரயில் இருந்தது, சிகாகோவில் சொந்த இனத்தார் இருந்தார்கள், 1860இலேயே உருவான அகஸ்தானா லுத்தரன் சினோடு (குடியேறிய சுவீடன்காரர் சபைகளின் கூட்டமைப்பு) பின்னால் நின்றது. யான்சன் கூட்டத்துக்கு ஒன்றுமே இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் ஓலோஃப் ஹெட்ஸ்ட்ரோம் என்ற மெதடிஸ்ட் போதகர் ஒரு கப்பலையே ஆலயமாக வைத்துக்கொண்டு வருகிற சுவீடன்காரர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தம்பி இல்லினாயில் இருந்ததால்தான் இவர்கள் அந்தப் பக்கமே போனார்கள்.

அப்புறம் நடை. ஏரிகள், கால்வாய்கள் வழியாகச் சிகாகோ வரை படகு, அங்கிருந்து கணிசமானோர் சுமார் 150 மைல் நடந்தே போனார்கள். முதல் குளிர்காலத்தில் ஓடைக்கரைச் சரிவைக் குடைந்து அறைகள் செய்தார்கள். ஒரு குழிக்குள் இருபது முப்பது பேர். முன்பக்கம் மட்டும் மரத்தடுப்பு, ஒரு கதவு, இரண்டு ஜன்னல். ஈரம், புகை, அரைவயிற்றுக் கஞ்சி. அந்த ஒரே குளிர்காலத்தில் 96 பேர் இறந்தார்கள். வந்தவர்களோ சுமார் 400 பேர்தான். நாலில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதே மக்கள் 1848இல் கட்டிய ஆலயம் இன்றும் நிற்கிறது. மேல்தளத்தில்தான் வழிபாடு, கீழே குடும்பங்கள் தங்குவதற்கு அறைகள். வீடில்லாதவர்களுக்கு ஆலயத்தின் அடியிலேயே இடம். மேலே ஏறிப்போனால் வால்நட் மர இருக்கைகள், ஆண்கள் ஒரு பக்கம் பெண்கள் ஒரு பக்கம். இருக்கையின் முதுகுச் சட்டங்களைக் கையால் தடவிப் பார்த்தால் அதைச் செய்த தச்சர் அவசரப்படவில்லை என்பது தெரியும். சாவு வீடாக இருந்த ஊரில் அந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

---

டெல்டா உழவன்:

நான் விவசாயி, எனக்கு முதலில் வரும் கேள்வி வேறு. சொந்த ஊரில் நிலம், வீடு, உறவு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒருவன் கடல் தாண்டிப் போகிறான் என்றால் அங்கே என்ன நடந்தது? வெறும் பஞ்சமா, மதப் பிரச்சினையா? அப்புறம், புல்வெளியில் என்ன விதைத்தார்கள்? மரமே இல்லாத ஊரில் வீடு எப்படிக் கட்டினார்கள்?

---

ஏட்டுச்சுவடி:

ஐயா, முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன், கான்சாஸ் மண்ணைப் பற்றி மணி எழுதுவார் என்று நினைக்கிறேன், அவர் பக்கத்திலேயே இருக்கிறார்.

இரண்டும்தான். 19ஆம் நூற்றாண்டில் சுவீடனின் மக்கள்தொகை ஏறக்குறைய இரட்டிப்பானது. அம்மை குத்துதல் வந்தது, உருளைக்கிழங்கு வந்தது, நெடுங்காலம் போர் இல்லை. பிள்ளைகள் பிழைத்தார்கள், நிலம் பிழைக்கவில்லை. அப்பன் நிலத்தை நாலு பிள்ளைக்குப் பிரித்தால் ஒருவருக்கும் போதாது. நிலமில்லாதவர்கள் பண்ணையாரின் ஓரத்துக் குடிசையில் இருந்துகொண்டு வாடகைக்குப் பதில் வேலை செய்தார்கள். 1867இல் குளிர் நீண்டு பயிர் கெட்டது, 1868இல் மழை பொய்த்தது. வடக்கே மரப்பட்டையை மாவோடு கலந்து ரொட்டி சுட்டிருக்கிறார்கள். அமெரிக்காவிலோ 1862ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் வரை சொந்தம்.

மதம். சுவீடனில் லுத்தரன் சபை அரசாங்கத்தின் ஒரு துறை மாதிரி. போதகர் வீடு வீடாக வந்து வேதபாடம் ஒப்பிக்கச் சொல்லி மதிப்பெண் போட்டுப் பதிவேட்டில் எழுதுவார். ஊரைவிட்டு ஊர் போகவும் அவரிடம் சான்று வேண்டும். 1726இல் ஒரு சட்டம் வந்தது. போதகர் இல்லாமல் வீட்டில் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி ஜெபக்கூட்டம் நடத்தினால் அபராதம், மீறினால் சிறை. குடும்ப ஜெபத்துக்கு மட்டும் விலக்கு. 1858 வரை அந்தச் சட்டம் இருந்தது! தாங்களே வேதத்தை வாசித்துக் கூடி ஜெபித்த எளிய விவசாயிகள்தான் அதில் மாட்டினார்கள். யான்சன் 1844இல் வேதாகமத்தைத் தவிர மற்ற பக்தி நூல்களைக் குவித்துத் தீ வைத்தார். கைதானார், காவலிலிருந்து தப்பினார், நார்வே வழியாகக் கப்பல் ஏறினார்.

ஓல்சன் அப்படிப்பட்டவர் அல்ல. அரசுச் சபையின் முறையான குருவானவர். சபையில் விசுவாசம் சடங்காகிப்போனது என்ற வருத்தத்தோடு கிளம்பியவர்.

---

விச்சிட்டா மணி:

அழைத்ததற்கு நன்றி. லிண்ட்ஸ்போர்க் எங்கள் ஊரிலிருந்து காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள்.

உழவன் அண்ணா, வார்ம்லாண்ட் முழுக்கக் காடும் ஏரியும். அங்கே பிறந்தவன் கையில் கோடாரியோடு வளர்ந்தவன். அவனைக் கொண்டுவந்து மரமே இல்லாத இடத்தில் இறக்கினால் எப்படி இருக்கும்? ஆற்றோரம் மட்டும் கொஞ்சம் மரங்கள். மற்றபடி கண்ணுக்கு எட்டிய தூரம் புல், காற்று. அதனால் மண்ணைத் தோண்டிப் பாதி தரைக்குள் இருக்கும் குடில் போட்டார்கள், அல்லது புல்லோடு சேர்த்து மண்ணைப் பாளம் பாளமாக வெட்டிச் செங்கல் மாதிரி அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். அந்தப் புல்லின் வேர்கள் அவ்வளவு அடர்த்தி, பாளம் உதிராது. கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு. மழை பெய்தால் மட்டும் கூரையிலிருந்து சேறு சொட்டும், வெளியே மழை நின்ற பிறகும் சொட்டிக்கொண்டே இருக்கும். பாம்பும் வரும். எரிக்க விறகு கிடையாது. காய்ந்த காட்டெருமைச் சாணம், சோளத்தட்டை.

அதே வேர்தான் உழவுக்கு எதிரி. முதல் உழவுக்கு இரும்புக் கொழு வைத்த பெரிய கலப்பையும் பல ஜோடி மாடுகளும் வேண்டும். முதல் வருடம் மக்காச்சோளம்தான் போடுவார்கள், புரட்டிய பாளத்தைக் கோடாரியால் கொத்தி அந்தப் பிளவில் விதை போட்டு மிதித்துவிடுவார்கள். கோதுமை பிறகு வந்தது. 1874இல் ரஷ்யாவிலிருந்து மென்னோனைட் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த விவசாயிகள் பக்கத்து ஊர்களில் குடியேறினார்கள். அவர்கள் பயிரிட்ட சிவப்புக் குளிர்காலக் கோதுமை கான்சாஸ் வானிலைக்கு அப்படிப் பொருந்தியது. இலையுதிர் காலத்தில் விதைத்தால் பனிக்கடியில் கிடந்து கோடை வறட்சிக்கு முன்னே கதிர் முற்றிவிடும். இன்று அந்தப் பள்ளத்தாக்கு முழுக்கக் கோதுமைதான்.

அதே 1874இல்தான் வெட்டுக்கிளிப் படையெடுப்பும். வானம் இருட்டிக்கொண்டு வந்து இறங்கின. நின்ற சோளம், காய்கறி, மரத்தின் பட்டை, கலப்பைப் பிடியில் வியர்வை உப்பு ஏறிய இடம், எதையும் விடவில்லை. ஊன்றி ஐந்து வருடமே ஆன குடும்பங்களுக்கு அது எப்பேர்ப்பட்ட அடி!

ஓல்சன் ஊருக்கு எழுதிய கடிதங்கள் சுவீடனில் பலரால் வாசிக்கப்பட்டன. அதில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். இங்கே நாங்கள் பேனாக்கத்தியால் தங்கம் தோண்டவில்லை, சில நாளிலோ சில வருடங்களிலோ பெரும் பணக்காரராகிவிடுவோம் என்ற எண்ணமும் இல்லை, எங்கள் குறியெல்லாம் சொந்தமாக ஒரு வீடு என்கிற பொருளில் எழுதியிருப்பார். ஆள் சேர்க்கத் துடிக்கும் கப்பல் ஏஜெண்டுகள் அளந்துவிட்ட காலத்தில் ஒரு போதகர் இப்படி நேர்மையாக எழுதியது பெரிய விஷயம்.

---

கயல்:

எல்லாரும் போதகர்களைப் பற்றியே எழுதுகிறீர்கள். பெண்களைப் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன்.

பிஷப் ஹில்லில் சிறுவனாக வளர்ந்த ஓலோஃப் கிரான்ஸ் (1838-1916) முதுமையில் தன் நினைவிலிருந்து அந்தக் குடியேற்றத்தை ஓவியங்களாக வரைந்தார். முறையாகக் கற்ற ஓவியர் அல்லர், வீடுகளுக்கு வண்ணம் அடித்தவர். அவருடைய மக்காச்சோள நடவு ஓவியத்தைத் தேடிப் பாருங்கள். கறுப்பு மண்ணில் குறுக்கே ஒரு நீளக் கயிறு. அந்தக் கயிற்றை ஒட்டி ஒரே வரிசையாகப் பெண்கள், தலையில் துணி, கையில் குத்துகோல். கயிறு நகர நகர வரிசையே நகர்கிறது. அறுவடை ஓவியத்தில் ஆண்கள் அரிவாளோடு முன்னே போக, பெண்கள் பின்னால் கதிரைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். ஆளி நாரை நூற்று நெய்து துணியாக விற்றதும் பெண்கள்தான். குடியேற்றத்துக்குக் கையில் காசு வந்த முதல் வழிகளில் அந்தத் துணி விற்பனையும் ஒன்று.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இடமும் உணவும் போதாத முதல் ஆண்டுகளில் யான்சன் திருமணங்களையே நிறுத்தி வைத்தார், 1848இல்தான் அனுமதித்தார். அவர் இறந்த பிறகு 1850களில் நில்ஸ் ஹெடீன் என்பவர் திருமணமே வேண்டாம் என்று கூடி வாழ்ந்த ஷேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினரைப் பார்த்துவிட்டு வந்து பிரம்மச்சரியத்தை வலியுறுத்தினார். கணவன் மனைவி உறவுவரை தலைவர்கள் கைவைத்தார்கள். யான்சனின் சாவும் அந்த வழியாகத்தான் வந்தது. அவருடைய உறவுப்பெண் சார்லொட்டா, ஜான் ரூட் என்பவரை மணந்தார். ரூட் ஊரைவிட்டுப் போக விரும்பினார், சார்லொட்டா வரவில்லை. ரூட் அவரை வலுக்கட்டாயமாகத் தூக்கிக்கொண்டு போனதும், ஊரார் துரத்தி மீட்டதும், ரூட் சேர்த்த கும்பல் ஊரைக் கொளுத்துவதாக மிரட்டியதும் நடந்தது. கடைசியில் 1850 மே 13 அன்று பக்கத்து ஊரான கேம்பிரிட்ஜ் நீதிமன்றத்தில் ரூட் யான்சனைச் சுட்டுக் கொன்றார்.

ஏட்டுச்சுவடி அண்ணா சொல்லும் முடிச்சு நிலத்தோடு நிற்கவில்லை, வீட்டுக்குள்ளேயும் இறுகியிருந்தது என்பது என் கருத்து.

---

தரங்கைவாசி:

நான் லுத்தரன் குடும்பத்தில் பிறந்தவன், அதனால் இந்த இழை எனக்கு நெருக்கமானது. சுவீடன் சபைக்கும் நமக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. ஜெர்மனியின் லைப்சிக் மிஷனோடு சேர்ந்து சுவீடன் சபையின் மிஷனரிகளும் தமிழ்நாட்டில் ஊழியம் செய்தார்கள். 1919இல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையாக உருவானது, 1921இல் அதன் முதல் பேராயராக வந்த எர்ன்ஸ்ட் ஹியூமன் சுவீடன்காரர். சிவகங்கைச் சீமையில் திருப்பத்தூர் சுவீடிஷ் மிஷன் ஆஸ்பத்திரி இன்றும் பலருக்குத் தெரிந்த பெயர். இல்லினாய், கான்சாஸ் விவசாயிகள் காணிக்கை போட்டு வளர்த்த அகஸ்தானா சினோடும் 1878இல் ஏ. பி. கார்ல்சன் என்பவரை இந்தியாவுக்கு அனுப்பியது. அவர் போனது ஆந்திரப் பக்கம், ராஜமுந்திரிக்கு.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சபை ஊரைக் காத்தது என்கிறீர்கள். சபை ஊரைப் பிளந்ததையும் எழுத வேண்டாமா? 1872இல் சுவீடனில் வால்டன்ஸ்ட்ரோம் என்ற இறையியலாளர் ஒரு பிரசங்கத்தை வெளியிட்டார். கிறிஸ்து சிலுவையில் மரித்தது கடவுளின் கோபத்தைத் தணிக்க அல்ல, விலகிப்போன மனிதனைக் கடவுளிடம் திருப்பிக் கொண்டுவர என்பது அதன் சாரம். கேட்பதற்குச் சிறிய வேறுபாடு. ஆனால் அந்த அலை கடல் தாண்டி கான்சாஸ் மண்குடில் வரை அடித்தது. லிண்ட்ஸ்போர்க்கில் அண்ணன் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். ஒரு கூட்டம் பிரிந்துபோய்த் தனி மிஷன் சபை வைத்தது. ஓல்சன் அதில் மனம் நொந்துபோனார். 1876இல் லிண்ட்ஸ்போர்க்கை விட்டு இல்லினாய் மாநிலத்து ராக் ஐலண்ட் நகரில் இறையியல் கற்பிக்கப் போய்விட்டார்.

அங்கத்தினரைச் சேர்ப்பதிலும் ஆரம்பத்தில் கெடுபிடி அதிகம். ஞானஸ்நானம் பெற்றிருந்தால் மட்டும் போதாது, சொந்த விசுவாசத்தைப் பற்றிச் சாட்சி சொல்ல வேண்டும். கம்பெனியும் விசுவாசமுள்ள லுத்தரன்களுக்கே நிலம் என்ற எண்ணத்தோடுதான் தொடங்கியது. ஆக, அங்கேயும் சபையையும் நிலத்தையும் முடிச்சுப் போடப் பார்த்திருக்கிறார்கள்.

---

ஏட்டுச்சுவடி:

தரங்கைவாசி ஐயா, இந்தப் பிளவைப் பற்றி நீங்கள் எழுதியது மிக முக்கியம். என் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைக்காது.

1870களில் பெத்தானியா சபையைவிட்டு வெளியேறிய ஒரு குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வண்டி வேறு ஆலயத்துக்குப் போனது. மனக்கசப்பு இருந்திருக்கும், கல்யாணம் கருமாதியில் முகம் திருப்பியிருப்பார்கள். ஆனால் திங்கட்கிழமை காலையில் அவர்கள் உழுதது அவர்களுடைய சொந்த நிலத்தைத்தான். பத்திரம் அவர்கள் பெயரில். தொடக்கத்தில் கம்பெனி எந்த எண்ணத்தோடு வந்திருந்தாலும், விற்றுப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு அந்த நிலத்தின்மேல் சபைக்குப் பிடி இல்லை. சுற்றி இருந்ததோ சதுரங்கக் கட்டம்போல ஒன்றுவிட்டு ஒன்று ரயில்வே நிலமும் அரசு நிலமும். அரசு நிலத்தில் யார் வேண்டுமானாலும் மனுப் போடலாம்.

பிஷப் ஹில்லில் தலைவரோடு மனவேறுபாடு வந்தவன் என்ன செய்வான்? சுவீடனில் பண்ணையை விற்ற காசு பொது நிதியில் போய்விட்டது. ஊரைவிட்டால் அவன் வெறுங்கையன். அதனால் வாயை மூடிக்கொண்டு இருப்பான், அல்லது ஒருநாள் வெடிப்பான். பிளவே வராத சபை எங்கும் கிடையாது. பிளந்த பிறகும் இரண்டு தரப்பும் அதே ஊரில் வாழ முடிகிறதா என்பதுதான் கேள்வி. லிண்ட்ஸ்போர்க்கில் முடிந்தது. எனக்கு ஓல்சன்மேல் உள்ள மதிப்பும் இதனால் குறையவில்லை. அவர் போதகராக மட்டுமா இருந்தார்? கான்சாஸ் சட்டமன்றத்திலும் உட்கார்ந்தார், பள்ளிக்கூட நிர்வாகத்தையும் பார்த்தார்.

---

மறைத்தளம்:

ஒரே ஒரு விஷயம் விடுபட்டிருக்கிறது. அந்த நிலம் யாருடையது? ஸ்மோக்கி ஹில் பள்ளத்தாக்கு வெற்று நிலமாகக் கிடக்கவில்லை. கான்சாஸ் என்ற பெயரே கான்சா (காவ்) மக்களிடமிருந்து வந்தது. 1825 ஒப்பந்தத்தில் அவர்களிடமிருந்து பெரும்பரப்பை எழுதி வாங்கினார்கள், 1846இல் மீண்டும் சுருக்கினார்கள், 1873இல் மிச்சமிருந்தவர்களையும் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அதாவது லிண்ட்ஸ்போர்க் சபைக்கு நான்கு வயதாகும்போது. பிஷப் ஹில் இருக்கும் பகுதியில் சாக், மெஸ்குவாக்கி மக்கள் வாழ்ந்தார்கள், 1832இல் பிளாக் ஹாக் போர் முடிந்து பதினான்கே வருடத்தில் யான்சன் கூட்டம் வந்தது. சுவீடனில் நிலமில்லாமல் தவித்தவனுக்கு நிலம் கிடைத்தது, நியாயம்தான். அது இன்னொருவரை நிலமற்றவராக்கிய நிலம் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

---

சிகாகோ சேகர்:

மறைத்தளம் சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். பிஷப் ஹில் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

ஏட்டுச்சுவடிக்கு என் பதில். வெறுங்கையன் என்று எழுதினீர்களே, அந்த ஆள் கிளம்பும்போதே வெறுங்கையனாக இருந்தால்? சுவீடனின் ஹெல்சிங்லாண்டிலும் டாலர்னாவிலும் வசதியான விவசாயிகள் பண்ணைகளை விற்று ஏழை விசுவாசிகளின் கடனை அடைத்தார்கள், கப்பல் கூலியும் கட்டினார்கள். பண்ணைக் கூலிகள், வேலைக்காரப் பெண்கள் எல்லாம் அதனால்தான் கடல் தாண்டினார்கள். லிண்ட்ஸ்போர்க் கம்பெனியில் சேர வேண்டுமென்றால் கையில் காசு வேண்டும். ஏழையிலும் ஏழைக்கு வழி திறந்தது எந்த ஏற்பாடு?

பொது உழைப்பின் வேகத்தையும் பாருங்கள். கும்பலாக உழுதார்கள், கும்பலாகச் செங்கல் சுட்டார்கள். பெரிய செங்கல் கட்டடம் ஒன்று எழுப்பினார்கள், நான்கு மாடி, கீழே பொதுச் சாப்பாட்டுக் கூடம். 1928இல் தீயில் போய்விட்டது. துடைப்பச் சோளம் விளைத்துக் கிழக்குக்கு அனுப்பினார்கள். ரயில் பாதைக்கு மண் வேலையை ஒப்பந்தம் எடுத்தார்கள், பக்கத்தில் கால்வா என்ற ஊர் உருவானதிலும் பங்கெடுத்தார்கள். 1850களின் நடுவில் சுற்றுவட்டாரத்தில் இவர்களைப்போல் வளமான பண்ணை அரிது. வீழ்த்தியது பொதுவுடைமை என்று நான் ஒப்பமாட்டேன். 1853க்குப் பிறகு அறங்காவலர்கள் கையில் நிர்வாகம் போனது, ஓலோஃப் ஜான்சன் என்பவர் ஊரைக் கேட்காமல் ரயில்வே, வங்கி என்று பணத்தைப் போட்டார், 1857 நிதி நெருக்கடியில் எல்லாம் மூழ்கியது. கணக்குக் காட்டாத நிர்வாகம் எந்த ஏற்பாட்டையும் கெடுக்கும்.

பத்து மைல் சுற்றளவிலேயே இன்னொரு சுவீடன் ஊர் இருக்கிறது, ஆண்டோவர். லார்ஸ் பால் எஸ்பியோர்ன் என்ற லுத்தரன் போதகர் 1849இல் வந்தார். நிலம் தனித்தனி, சபை மட்டும் பொது. ஏட்டுச்சுவடி சொல்லும் அதே ஏற்பாடு. ஆனால் மக்களிடம் ஆலயம் கட்டக் காசில்லை. எஸ்பியோர்ன் ஊர் ஊராகப் போய்க் கையேந்தினார். அப்போது அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்த சுவீடன் பாடகி ஜென்னி லிண்ட் 1,500 டாலர் கொடுத்தார். கட்டிக்கொண்டிருக்கும்போதே காலரா வந்தது. ஆலயத்தின் நிலவறை ஆஸ்பத்திரி ஆனது, கோபுரத்துக்கு வைத்திருந்த பலகைகள் சவப்பெட்டிக்குப் போயின. 1854இல் முடிந்த அந்தச் சிறிய ஆலயம் இன்றும் கோபுரம் இல்லாமலேயே நிற்கிறது. பிஷப் ஹில்லிலும் 1849 காலராவில் நூற்றைத் தாண்டிச் சாவு. எந்த ஏற்பாடாக இருந்தாலும் அந்தக் காலத்தின் அடி ஒன்றுதான்.

---

விச்சிட்டா மணி:

சேகர் அண்ணா சொன்ன ஆண்டோவர் செய்தி மனதை என்னவோ செய்துவிட்டது.

லிண்ட்ஸ்போர்க் பாட்டைப் பற்றி இன்னும் யாரும் எழுதவில்லை, அதை விட்டால் அந்த ஊரே புரியாது. ஓல்சன் 1879இல் லண்டன் எக்ஸெட்டர் மண்டபத்தில் ஹாண்டல் இசையமைத்த 'மெசியா' என்ற குழுப்பாடல் படைப்பைக் கேட்டிருக்கிறார். அந்த ஆர்வத்தில் ராக் ஐலண்டில் ஒரு பாடகர் குழு உருவாக்கினார். அதைக் கேட்ட இளம் போதகர் கார்ல் ஸ்வென்சன், லிண்ட்ஸ்போர்க்கில் ஓல்சனுக்கு அடுத்து வந்தவர், 1881இல் பெத்தானி கல்லூரியைத் தொடங்கினார். கல்லூரிக்குக் காசு வேண்டும். அவரும் மனைவி ஆல்மாவும் சபையாரைக் கூட்டி மெசியா பாடச் சொல்லித்தந்தார்கள். 1882 மார்ச் 28 அன்று முதல் முறை பாடினார்கள்.

கோதுமை விவசாயியும் கொல்லரும் அவர்கள் வீட்டுப் பெண்களும்தான் பாடகர்கள். சங்கீதம் படித்தவர் அபூர்வம், ஆங்கிலமே பலருக்குச் சரியாக வராது. ஆல்மா ஒவ்வொரு குரலுக்கும் வரிவரியாகப் பாடிக் காட்டிப் பழக்கியிருக்கிறார். பகல் முழுக்க வயலில் நின்றுவிட்டு, ராத்திரி வண்டி கட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வருவார்கள். பாடுகளின் வாரத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய வாரம்) அது மரபாகி இன்றுவரை நடக்கிறது. நானும் ஒரு முறை போய்க் கேட்டேன். 'அல்லேலூயா' தொடங்கியதும் அரங்கம் முழுக்க எழுந்து நின்றது. என் பக்கத்தில் இருந்த வயதான அம்மா புத்தகம் பார்க்காமல் ஆல்ட்டோ (பெண்களின் தாழ்ந்த குரல்) பகுதியை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். பல வருடம் மேடையில் பாடியவராம், அவருடைய தாயாரும் பாடியவராம்.

1904 செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்காக சுவீடனில் செய்து கொண்டுவந்த மரமண்டபமும் இங்கேதான் இருக்கிறது. வாங்கிக் கல்லூரிக்குக் கொடுத்தவர் டபிள்யூ. டபிள்யூ. தாமஸ். 1870இல் மெய்ன் மாநிலத்தில் 51 சுவீடன்காரர்களைக் குடியேற்றி 'நியூ சுவீடன்' ஊரை அமைத்த அதே ஆள்!

---

கயல்:

மணி, ஆல்மா ஸ்வென்சனைப் பற்றி எழுதியதற்கு மிக்க நன்றி. பல இடங்களில் கணவர் பெயர் மட்டும்தான் வருகிறது. சுவீடன் மொழி அங்கே எப்போது நின்றது?

---

விச்சிட்டா மணி:

ஒரே நாளில் நிற்கவில்லை. முதல் உலகப்போர் காலத்தில் ஆங்கிலமல்லாத மொழிகள்மேல் அமெரிக்காவில் சந்தேகம் கிளம்பியது. 1918இல் அயோவா ஆளுநர் பொது இடங்களிலும் வழிபாட்டிலும் தொலைபேசியிலும்கூட ஆங்கிலம் தவிர வேறு மொழி கூடாது என்று ஆணையே போட்டார். அது அங்கே இருந்த சுவீடன் சபைகளையும் தாக்கியது. கான்சாஸில் அவ்வளவு இல்லை என்றாலும், 1920களில் சுவீடன் சபைகள் பொதுவாக ஆங்கிலத்துக்கு மாறின. பாட்டிமார்களுக்காக மட்டும் சிலகாலம் ஒரு ஆராதனை சுவீடிஷில் வைத்தார்கள். கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனை மட்டும் பல ஊர்களில் பழைய மொழியின் பாட்டோடு நீடித்தது.

---

டெல்டா உழவன்:

இவ்வளவு விவரமாக எழுதிய அனைவருக்கும் நன்றி. ஒரு கேள்வி பாக்கி. பிஷப் ஹில் கலைந்தபோது பொது நிலத்தை எப்படிப் பிரித்தார்கள்? நம் பக்கம் கூட்டுக்குடும்பம் பிரிந்தாலே ஆயுசுக்கும் வழக்கு. ஒரு முழு ஊர் பிரிந்தால்?

---

சிகாகோ சேகர்:

வழக்கு அங்கேயும் தப்பவில்லை அண்ணா. 1858இல் பிரிப்பது என்று தொடங்கி 1861இல் தனித்தனியாக எழுதிக் கொடுத்து முடித்தார்கள். 35 வயது ஆன ஒவ்வொருவருக்கும் ஒரு முழுப் பங்கு: சுமார் 22 ஏக்கர் நிலம், ஒரு துண்டு மரக்காடு, ஊருக்குள் ஒரு மனை, மாடு, குதிரை, கருவிகளில் சமபங்கு. வயது குறைந்தவர்களுக்கு அதற்கேற்பக் குறைவு. கயல் கவனிக்க: ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, பெண்ணுக்கும் அதே 22 ஏக்கர். அந்தக் காலத்தில் அப்படிப் பங்கு பிரித்த ஊர் எனக்குத் தெரிந்து மிகக் குறைவு.

கடன் தனியாக வந்தது. அறங்காவலர்கள் வாங்கியிருந்த கடனுக்கு ஒவ்வொரு பங்குதாரரும் கட்டும்படி ஆனது. ஒரு முறை கட்டினார்கள், மறுபடியும் கேட்டார்கள். ஊரார் வழக்குத் தொடுத்தார்கள், 1879இல்தான் தீர்ப்பு வந்தது. அதற்குள் சிலர் நிலத்தை இழந்திருந்தார்கள். யான்சனின் போதனையிலிருந்து பெரும்பாலோர் விலகி மெதடிஸ்ட் சபையில் சேர்ந்தார்கள், சிலர் அட்வெண்டிஸ்ட் ஆனார்கள். ஊரைவிட்டுப் போனவர்கள் உண்டு. 22 ஏக்கரை வைத்துக்கொண்டு அங்கேயே உழுது செத்தவர்களும் உண்டு.

ஏட்டுச்சுவடி, அந்தப் பங்குப் பட்டியலின் படி ஒன்று என்னிடம் இருக்கிறது. பெண்கள் பெயரில் போன நிலங்களைத் தனியாக எடுத்து இங்கே பதிகிறேன். அதை வைத்து அடுத்து பேசலாம்.